லைசனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

முன்பெல்லாம் கொலை வழக்கில் தண்டனை சொல்வது சுலபமான வேலை. கொன்றானா, இல்லையா? கொன்றான் என்றால் தூக்கு. நீதிபதி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் மலாவி நாடு தூக்குத் தண்டனை கொடுப்பதில் தாராளம், நிறைவேற்றுவதில் சோம்பல். ஆகவே தூக்குக் கைதிகள் ஜொம்பா சிறையில் வருடக்கணக்காக பீன்ஸ் தின்றுகொண்டு காத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் மேல் நீதிமன்றம் கண் விழித்தது. எல்லாக் கொலையும் ஒரே எடை இல்லை, ஒவ்வொருவனையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றது. தராசின் ஒரு தட்டில் தண்டனையைக் கூட்டும் காரணங்கள், மறு தட்டில் குறைக்கும் காரணங்கள். பழைய தூக்குக் கைதிகள் அத்தனை பேருக்கும் மறுபடி விசாரணை.

நல்ல தீர்ப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது தட்டில் வைக்கச் சாமான் கொண்டுவர ஓர் ஆள் வேண்டுமே. அது நான். அரசாங்கத்தின் இலவச வக்கீல். கொலைகாரர்களின் கஷ்டங்களைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. அப்பா அடித்தாரா, அம்மா விட்டுப்போனாளா, மண்டையில் அடிபட்டதா, பசியா, போதையா. ஒருவனுடைய வாழ்க்கை எவ்வளவு நாசமாகப் போயிருக்கிறதோ அவ்வளவுக்கு என் மனசு குளிரும். சந்தோஷமாக வளர்ந்த கட்சிக்காரன் வந்து உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லாமல் பேனாவை மூடிவிடுவேன்.

இந்தத் தராசு விவகாரம் சிறைக்குள்ளும் பரவிவிட்டது. நான் உள்ளே நுழைந்தாலே சந்தைக்கடைதான்.

"எங்கப்பன் என்னை உலக்கையால அடிச்சான் மேடம். அதை முதல்ல எழுதுங்க."

"உனக்கு வெறும் உலக்கை. எனக்கு எங்க சின்னம்மா சுடுதண்ணி ஊத்தினா. தழும்பைப் பாருங்க மேடம்."

"அது இங்க சமையல்கட்டுல பட்ட தழும்பு மேடம். பக்கத்துல நின்னவன் நான்தான்."

லைசன் மட்டும் சுவரோரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தான். பதினாலு வருடமாக உள்ளே இருக்கிறவன். கோப்பில் குற்றம் செய்தபோது வயது இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. போலீஸ்காரர் முகத்தைப் பார்த்து மதிப்புப் போட்டிருப்பார், மாட்டுக்குப் போடுவதைப்போல.

"உனக்குச் சொல்ல என்னப்பா இருக்கு?"

"என்ன மேடம் சொல்றது. நான்தான் அடிச்சேன்."

"அது கோப்புலயே இருக்கு. எதுக்கு அடிச்சே?"

"பேட்டரிக்காக."

அவனும் டாமியானோவும் கூட்டாளிகள். இருவருக்கும் சேர்த்து ஒரு ரேடியோ. பேட்டரி தீர்ந்தால் ஓட்டுமேல் வெயிலில் வைத்து உயிர் கொடுப்பார்கள். ஒரு சாயங்காலம் கச்சாசு சாராயம் உள்ளே போன நேரத்தில், யார் அதிகம் பாட்டுக் கேட்டுப் பேட்டரியைத் தீர்த்தது என்று சண்டை வந்தது. லைசன் மண்வெட்டிப் பிடியால் ஒரு அடி அடித்தான். டாமியானோ செத்துப்போனான். அவ்வளவுதான் கதை. உலகத்தில் பெரும்பாலான கொலைகளின் கதை இவ்வளவுதான்; நாங்கள் வக்கீல்கள்தான் அதை நூறு பக்கமாக்குகிறோம்.

"இப்ப ரெண்டுல ஒண்ணு நடக்கும்" என்றேன். "இருந்த வருஷம் போதும்னு நீதிபதி வீட்டுக்கு அனுப்பலாம். இல்லேன்னா ஆயுள்."

"ஆயுள்னா எதுவரைக்கும்?"

"இங்கேயே. சாகிற வரைக்கும்."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "ஒரு தடவை சோளம் போடணும் மேடம். ஒரே ஒரு மழைக்காலம் போதும்" என்றான். ஒரு மழைக்காலத்து ஆசையைத் தராசில் வைக்க முடியாது. சாட்சிகளைத் தேடிக் கிளம்பினேன்.

அவன் ஊர் ஃபலோம்பே சமவெளியில் இருக்கிறது. பெயர் கசிங்கா. எங்கள் பக்கம் ஊருக்கும் ஊர்த்தலைவருக்கும் ஒரே பெயர்தான். ஊரைத் திட்டினால் தலைவரைத் திட்டியதாகும். தலைவர் கசிங்கா எனக்கு நாற்காலி போட்டார், கோழி அடித்தார், சோளக்களியை மலைமாதிரிக் குவித்தார். சாப்பிட்டு முடித்ததும் லைசனைப் பற்றிக் கேட்டேன்.

"லைசனா? அவரை அடக்கம் பண்ணிட்டோமே" என்றார் தலைவர்.

"யாரை?"

"லைசனைத்தான். ரேடியோவுல மரண தண்டனைன்னு சொன்னாங்க. அரசாங்கம் ஒண்ணு சொன்னா செய்யாமலா இருக்கும்? ஒரு வாரம் பாத்தோம், உடம்பு வரல. வாழைத்தண்டுக்குத் துணி சுத்தி முறைப்படி குழியில இறக்கினோம். ஊரே மொட்டை போட்டுது. ரெண்டு ஆடு வேற."

"தலைவரே, அவன் உயிரோட இருக்கான். நேத்துதான் பேசிட்டு வர்றேன்."

"இருக்கலாம் வக்கீலம்மா. இல்லேன்னு நான் சொல்லல. ஆனா சாவு முடிஞ்சுபோச்சே."

ஊரார் எல்லாரும் ஆமாம் என்றார்கள். சாதாரணப் பையனாக இருந்த லைசன் வாழைத்தண்டின் புண்ணியத்தில் 'அவர்' ஆகியிருந்தான். செத்தவரைப் பற்றி யாரும் வாய் தவறிக்கூடக் கெட்டது பேசமாட்டார்கள். அது எங்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் என் பிழைப்பில் மண் போட அது ஒன்றே போதும்.

"அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

"செத்தவரைப் பத்திக் கேக்கற கேள்வியா இது? எங்க ஊர்ல குடியே கிடையாது." தலைவர் இதைச் சொன்னபோது அவர் வீட்டுக் கொல்லையில் பீப்பாயிலிருந்து குழாய் வழியாகக் கச்சாசு சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி பாட்டிலை மாற்றினாள்.

நான் தராசைப் பற்றி விளக்கினேன். பசி, போதை, அடி, அநாதை என்று எதைச் சொன்னாலும் லைசனுக்கு நல்லது என்று தொண்டை கிழியச் சொன்னேன். லைசனை வளர்த்த தாய்மாமன் பெட்சன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்போ சீரழிஞ்சவன்னு சொன்னா வெளிய விடுவாங்க, ஒழுங்கா வளர்ந்தவன்னு சொன்னா உள்ள வைப்பாங்களா? இது எந்த ஊர்ச் சட்டம்?"

"நம்ம நாட்டுச் சட்டம்தான் மாமா."

"வெள்ளக்காரன் போறப்போ மறந்து வெச்சிட்டுப் போயிருப்பான்."

கடைசியில் எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள் தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை, பேச்சு முடிந்தது, எழுந்து போகலாம் என்று அர்த்தம். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் நம்பிக்கொண்டு எழுந்தேன்.

ஊர்க்கோடியில் டாமியானோவின் அம்மா நம்பேவே துவரை உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, கூர்மையான வாய். போகலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவளே கூப்பிட்டாள்.

"நீதான் அவனுக்கு வக்கீலா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு ஊரே அவனுக்கு மொட்டை போட்டுச்சு. நான் போடல. என் பிள்ளை சாவே எனக்கு முடியல, இவனுக்கு வேற அழணுமா? அவன் சாகலைன்னு எனக்குத் தெரியும். அரசாங்கத்து வண்டி வந்து என்னைக் கூட்டிட்டுப் போகுதாம். வந்து எல்லாத்தையும் சொல்றேன். ஒண்ணு விடாம."

அவள் உரித்த தோலை என் காலடியில் போட்டாள். நான் பயந்துபோய் வண்டியில் ஏறினேன்.

விசாரணை நாளன்று கசிங்கா ஊர் ஒரு லாரி நிறைய வந்து இறங்கியது. நீதிபதி வெள்ளைக்காரன் காலத்துப் பொய்முடிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். எதிரில் அரசு வக்கீல் முகாங்கோ. இளைஞன், சலவை மடிப்பு கலையாதவன், லைசனுக்கு ஆயுள் வாங்கித்தருவதென்று வந்திருந்தான்.

என் முதல் சாட்சி தலைவர். கோட்டு போட்டிருந்தார். நான் கேட்ட எதையும் அவர் காதில் வாங்கவில்லை. கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இழவுவீட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். லைசனைப் போல ஒருவர் இனிப் பிறக்கப்போவதில்லை. ஊருக்கு விளக்கு. பொய் தெரியாது. மது தெரியாது. லைசன் என் பக்கம் குனிந்து, "யாரைப் பத்தி மேடம் பேசறாரு?" என்று கிசுகிசுத்தான்.

முகாங்கோ எழுந்தான். குறுக்கு விசாரணை என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. கோழி தானாகவே வந்து சட்டியில் உட்கார்ந்தது.

"சம்பவத்தன்னைக்கு அவர் போதையில இல்ல, அப்படித்தானே?"

"ஒரு சொட்டு தொட்டதில்லை ஐயா."

"வீட்டுல வறுமை?"

"எங்க ஊர்ல பஞ்சமா? பன்னிகூடச் சோளத்துல வேண்டியதைப் பொறுக்கித்தான் தின்னும்."

"படிப்பு?"

"வகுப்புல எப்பவும் முதல்." லைசன் இரண்டாம் வகுப்போடு நின்றவன்.

"சட்டுனு கோபம் வருமா?"

"கோபமா? அவருக்கா? எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார் ஐயா. நல்லா யோசிச்சு, நிதானமா, திட்டம் போட்டுத்தான் செய்வார்."

முகாங்கோ நன்றி சொல்லி உட்கார்ந்தான். அவ்வளவு மனமார்ந்த நன்றியை நான் எந்த நீதிமன்றத்திலும் கேட்டதில்லை. தலைவர் இறங்கும்போது என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது.

அடுத்து மாமன் பெட்சன். மருமகன்மேல் விரல் பட்டதில்லையாம். ராஜா மாதிரி வளர்த்தாராம். கறி இல்லாமல் சோறு போட்டதில்லையாம். அவர் முடிப்பதற்குள் என் தட்டு காலியாகி, எதிர்த்தட்டில் ஒரு மூட்டை ஏறியிருந்தது: வசதியாக வளர்ந்த, படித்த, குடிக்காத, கோபமே வராத ஓர் இளைஞன், நன்றாக யோசித்து, திட்டம் போட்டு, கூட்டாளியின் மண்டையை உடைத்திருக்கிறான். இப்படிப்பட்டவனுக்கு நானே நீதிபதியாக இருந்தாலும் ஆயுள்தான் கொடுப்பேன். லைசன் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். இன்னொரு சாட்சியைக் கூப்பிட எனக்குத் துணிவில்லை.

முகாங்கோ எழுந்து நம்பேவேயைக் கூப்பிட்டான். வெற்றிக்குமேல் ஒரு வெற்றியாக, தாயின் கண்ணீரையும் வைத்துவிட நினைத்தான். அவளோ கண்ணீர் கொண்டுவரவில்லை. கூண்டில் ஏறியதும் தலைவரைத்தான் முதலில் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா இவங்க புளுகினதை எழுதினீங்களாய்யா? அதையெல்லாம் அடிச்சிட்டு நான் சொல்றதை எழுதுங்க. குடிக்கமாட்டானா அவன்? அன்னைக்கு மத்தியானத்துல இருந்து குடிச்சிட்டுக் கிடந்தான். நிக்க முடியல, வேலியைப் பிடிச்சிட்டு நின்னான். எங்க குடிச்சான்? தலைவர் வீட்டுக் கொல்லையில."

தலைவர் எழுந்தார். "அது மருந்துக்குக் காய்ச்சறது ஐயா."

"உக்காருங்க" என்றார் நீதிபதி. பேனாவைக் கையில் எடுத்தார்.

"அதுவும் வெறும் வயித்துல. மாசி மாசப் பட்டினியில ஊரே புல்விதையை இடிச்சுத் தின்னுட்டிருந்துச்சு. இவன் மாமன் கறிசோறு போட்டாராம். அந்த மாமன் இவனை மாட்டுக் கயித்துல மரத்தோட கட்டிவெச்சு அடிப்பான். அம்மா போய்ச் சேர்ந்தப்போ இவன் இடுப்புக் குழந்தை. அடிபட்டுட்டு எங்க வருவான்? என் வீட்டுக்குத்தான். என் பையன் தட்டுல பாதி இவனுக்கு. என் பையன் பாயில பாதி இவனுக்கு."

முகாங்கோ அவசரமாகக் குறுக்கிட்டான். "அம்மா, அப்போ உங்க சோத்தைத் தின்னுட்டே உங்களுக்குத் துரோகம் பண்ணியிருக்கான், இல்லையா?" அவனும் கெட்டிக்காரன்தான். விழுகிற தட்டை விரலால் பிடிக்கப் பார்த்தான்.

"துரோகம் பண்றதுக்கும் புத்தி வேணும் தம்பி. இவனுக்கு ஏது? மரத்துல இருந்து தலைகீழா விழுந்தவன். பத்து வரைக்கும் எண்ணச் சொல்லு, ஏழுல நிப்பான். பேட்டரிக்குப் போய் ஒருத்தனை அடிப்பானா ஒரு மனுசன்? அடிச்சியே, ஓடவாவது தெரிஞ்சுதா? ஒரு ஓட்டம் ஓடினா மொசாம்பிக். புத்தியுள்ளவனா இருந்தா ராத்திரியே எல்லை தாண்டியிருப்பான். இந்த மடையன் என் பிள்ளையைத் தோள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியெல்லாம் 'எந்திரிடா, பேட்டரி உனக்கே, எந்திரிடா'ன்னு கத்திட்டே ஓடினான். போய்ச் சேர்ந்தப்போ உயிர் இல்ல. போலீஸ் வர்ற வரைக்கும் அவனைக் கீழ இறக்கவே மாட்டேன்னுட்டான்."

நீதிபதியின் பேனா ஓடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதை. பட்டினி. தாயில்லாப் பிள்ளை. கொடுமை. தலையில் அடி. திட்டமில்லை. தப்பியோடவில்லை. வருத்தம். ஊர்வரை அலைந்தும் எனக்குக் கிடைக்காத சாமானையெல்லாம் இந்த அம்மாள் திட்டித் திட்டியே என் தட்டில் குவித்துக்கொண்டிருந்தாள். முகாங்கோ சைகை காட்டிப் பார்த்தான். அவளை யாரால் நிறுத்த முடியும்?

"அவன் வயசு உங்களுக்குத் தெரியுமா?" என்று நீதிபதியே கேட்டார்.

"தெரியாம என்ன? என் டாமியானோ பிறந்த அடுத்த மழைக்குப் பிறந்தவன். சாகும்போது என் பிள்ளைக்குப் பத்தொன்பது."

இருபத்து மூன்று பதினெட்டாகியது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கடைசியா, என்ன தண்டனை வேணும்னு நினைக்கிறீங்க?" என்று முகாங்கோ கேட்டான்.

"சாகிற வரைக்கும் உள்ள கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நம்பேவே இறங்கினாள். வந்த வேலையை முடித்த நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பை வாசித்தார். அழகான தீர்ப்பு. குற்றவாளியின் பசிக்கு ஒரு பத்தி, போதைக்கு ஒரு பத்தி, அவன் பட்ட அடிக்கு ஒன்று, பட்ட வருத்தத்துக்கு ஒன்று. கூட்டும் காரணங்களின் பக்கத்தில் ஒரே வரி: ஓர் உயிர் போயிருக்கிறது. இதுவரை அனுபவித்த சிறைவாசமே போதும், இன்றே விடுதலை. லைசனுக்குப் புரியவில்லை. நான் அவன் முதுகில் தட்டி, "வீட்டுக்குடா" என்றேன்.

தலைவர் எட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா வக்கீலம்மா? ஒருத்தரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னா கோர்ட்டும் கேக்கத்தான் செய்யுது."

நம்பேவே எழுந்து நின்றாள். காவலர் உட்காரச் சொன்னார். நீதிபதி காவலரைக் கையமர்த்தினார்.

"ஐயா, நான் சொன்னதை வெச்சுத்தான் அவனை விட்டீங்களா?"

"சட்டப்படி எல்லாவற்றையும் எடைபோட்டோம் அம்மா" என்றார் நீதிபதி மெதுவாக. நல்ல மனிதர்.

"அவன் என்ன தின்னான், எவ்வளவு குடிச்சான், யார்கிட்ட அடி வாங்கினான், எல்லாம் எழுதியிருக்கீங்க. நல்லா எழுதியிருக்கீங்க. என் பையன் பேரு அதுல எங்க இருக்கு?"

நீதிபதி தாள்களைப் புரட்டினார். முன்னால் இருந்து பின்னால், பின்னால் இருந்து முன்னால். நானும் என் மனுவைப் பார்த்தேன். முகாங்கோவும் தன்னுடையதைப் பார்த்தான். மூன்று பேரும் பக்கத்துக்குப் பக்கம் 'இறந்தவர்' என்று எழுதியிருந்தோம். சட்டம் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு நீதிமன்றம் கலைகிறது என்றார். எனக்கு வழக்கில் ஜெயித்த சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

மாலையில் லைசன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தான். லாரியருகே நின்ற கசிங்கா ஊரார் ஓரடி பின்வாங்கினார்கள். மாமன் பெட்சன் லாரியின் மறுபக்கம் போனார். "ஒரு சடங்கு பண்ணிட்டு அப்புறம் ஊருக்குள்ள கூட்டிக்கலாம். அவசரம் இல்ல" என்று தலைவர் பொதுவாகச் சொன்னார். பதினாலு வருடம் கழித்து வந்தவனுக்கு எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியவில்லை.

நம்பேவே அவன் முன்னால் போய் நின்றாள். அவன் அப்படியே மண்டியிட்டான். அவள் அடிக்கப்போகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் ஓடினேன்.

"எந்திரி. நான் உன்னை மன்னிக்க வரல."

"தெரியும்மா."

"உள்ள இருந்த படிச்சவங்களுக்கு அவனைத் தெரியாது. ஊர்ல இருக்கறதுங்களுக்கு அவனை மறந்துபோச்சு. என்னைத் தவிர அவனைத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அவன் பேரைச் சொல்லு."

"டாமியானோ."

"சத்தமா சொல்லு."

"டாமியானோ." அவன் குரல் உடைந்தது.

"அவனைப் பத்திச் சொல்லு. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறக்குது."

லைசன் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தவளையைப் பாத்தா பயப்படுவான்."

"ஆமா."

"மாங்காயைத் தோலோட தின்பான்."

"இல்ல. அது நீ. அவன் உரிச்சுத்தான் தின்பான்."

லைசன் யோசித்தான். "ஆமா, நான்தான்" என்றான்.

நம்பேவே அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"ம். அப்புறம்?"